ஆன்லைன் வகுப்பும் ஆசிரியரின் கண்களும்: மதுரைப் பக்கத்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிகள் திறந்து ஆண்டுகள் ஆகியும் ஆன்லைன் வகுப்பு நம்மை விட்டுப் போகவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ், மாலை ஆறரைக்குத் துபாய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு, இரவு எட்டுக்குப் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல். கே.கே. நகரிலும் வில்லாபுரத்திலும் திருமங்கலத்திலும் மேலூரிலும் வீட்டு அறையிலிருந்தே இப்படிப் பாடம் எடுப்பவர்களுக்காக எழுதியது இது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண்ணைக் களைக்க வைப்பது வகுப்பு மட்டுமல்ல. அதைச் சுற்றியுள்ள வேலைதான் பாதிக்கு மேல் களைக்க வைக்கிறது. கண்ணாடி வாங்குவதற்கு முன் வேலையை மாற்றி அடுக்கிப் பாருங்கள்.

மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்தால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. ஏன்?

கண் இமைப்பது குறைந்துவிடுவதுதான் காரணம். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடுகிறது. இமைப்பதும் அரைகுறையாகத்தான், மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. கண்ணீர்ப் படலத்தின் மேல் இமைச் சுரப்பிகள் பூசும் மெல்லிய எண்ணெய் அடுக்கு ஒன்று உண்டு. இமை முழுதாக மூடினால்தான் அது பரவும். பரவாவிட்டால் கண்ணீர் ஆவியாகிக் கருவிழியின் மேற்பரப்பு காய்கிறது.

இரண்டாவது காரணம் தூரம். 30 செ.மீ. தூரத்தில் போனைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் குவியத் தசை செய்யும் உழைப்பு, 60 செ.மீ.யில் திரையைப் பார்ப்பதைப்போல் இரண்டு மடங்கு. நெற்றிப்பொட்டில் வலி, வகுப்பு முடிந்து நிமிர்ந்தால் எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை சில வினாடி மங்கலாகத் தெரிவது, இரண்டும் இந்தத் தசை இறுகியதால் வருபவை.

உறுத்தவில்லை, தண்ணீராகக் கொட்டுகிறது. அதையும் வறட்சி என்கிறார்களே?

ஆமாம், வறட்சிதான். காய்ந்த மேற்பரப்பு எரியும்போது கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. அதில் எண்ணெய்ச் சத்து போதாததால் கண்ணில் ஒட்டாமல் வழிந்து ஓடிவிடுகிறது. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து இமையைப் புண்ணாக்கிக் கொள்ளாதீர்கள். கீழே சொல்லும் இமைப்புப் பயிற்சியும் வெந்நீர் ஒத்தடமும் இதற்கும் பொருந்தும்.

20-20-20 விதியைச் சொல்கிறார்கள். வகுப்பு நடுவில் அதை எப்படிச் செய்வது?

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை, 20 வினாடி பார்க்க வேண்டும் என்பது விதி. கடிகாரம் வைத்துக்கொண்டு ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது, பாடம் அறுந்துவிடும். அதனால் நேரத்தோடு கட்டாமல் வகுப்பில் நடக்கும் செயலோடு கட்டுங்கள். “எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி வெளியே பாருங்கள். பிள்ளைகள் எழுத எப்படியும் அரை நிமிடம் ஆகும். 45 நிமிட வகுப்பில் இப்படி நான்கைந்து இடம் தானாகக் கிடைக்கும்.

20 அடி என்பது ஏறத்தாழ 6 மீட்டர். ஊருக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் அறைக்குள் அவ்வளவு தூரம் கிடையாது. மேசையைச் சுவரோரம் போடாமல் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டால் எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோ தெருமுனை வேப்பமரமோ கண்ணுக்கு எட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் பிரதிபலிக்கும். திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டுதான் சரி.

இரண்டு வகுப்புக்கு இடையே ஒரு சிறு பயிற்சி செய்யலாம். கண்ணை மெதுவாக மூடி இரண்டு வினாடி வைத்திருங்கள். மூடியபடியே இலேசாக அழுத்தி இன்னும் இரண்டு வினாடி, பிறகு திறவுங்கள். பத்து முறை செய்ய ஒரு நிமிடம் போதும். காய்ந்துபோன எண்ணெய் அடுக்கு மறுபடி பரவும்.

வகுப்பு ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம்தான். ஆனாலும் இரவில் கண்ணைத் திறக்க முடியவில்லையே?

வகுப்புக்கு வெளியே எவ்வளவு நேரம் திரை முன் இருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடப் படங்கள். 35 பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பக்கம் அனுப்பினால் 70 படம். படத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதுவும் பக்கவாட்டில் கிடக்கும் படம், பாதி நிழல், நீல மையில் ஆடிப்போன எழுத்து. தெளிவில்லாத எழுத்தைப் படிக்கக் கண் திரும்பத் திரும்பக் குவியத்தைத் தேடும். தெளிவான பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பதைவிட மங்கலான படத்தை அரை மணி நேரம் படிப்பது கண்ணை அதிகம் வதைக்கும். தமிழ்ப் பாடத்தில் இது இன்னும் மோசம். ர-வா, துணைக்காலா? ண-வா, ன-வா? புள்ளி இருக்கிறதா, தாளில் அழுக்கா? இதையெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை மாற்ற வழிகள் உண்டு. எல்லோருடையதையும் தினமும் திருத்தும் வழக்கத்தை விடுங்கள். 40 பேர் இருந்தால் நாளுக்கு எட்டுப் பேர் என்று முறை வைத்து ஆழமாகத் திருத்துங்கள். ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும். மற்றவர்களுக்கு வகுப்பிலேயே விடையை வாசித்துக் காட்டி, சிவப்புப் பேனாவால் அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். தன் பிழையைத் தானே வட்டமிட்ட பிள்ளை அதை மறப்பதும் குறைவு.

படம் அனுப்புவதற்கும் விதி வையுங்கள். கறுப்பு மை, ஒரு வரி விட்டு எழுதுவது, பகல் வெளிச்சத்தில் படம், தலைகீழாக வந்தால் திருப்பி அனுப்பப்படும். கூகுள் டிரைவில் இருக்கும் ஸ்கேன் வசதி நிழலை நீக்கி எல்லாப் பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கி மங்கலாக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் எழுத்து எழுத்தாகத் தெரியும். பெற்றோருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் பொறுமை வேண்டும், ஆனால் பலன் ஆண்டு முழுக்க இருக்கும்.

பதிலைத் தட்டச்சு செய்யாமல் குரல் பதிவாக அனுப்புங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் என்றால் சனிக்கிழமை நோட்டையே வாங்கிவிடுங்கள். தாளில் திருத்துவது கண்ணுக்கு ஓய்வு இல்லைதான், ஆனாலும் மங்கலான படத்தோடு போராட வேண்டியதில்லை.

திரையைப் பார்க்காமலே பாடம் நடத்த முடியுமா?

முடியும். எங்களைக் கேட்டால் இதுதான் உண்மையான தீர்வு: பழைய கரும்பலகையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். 3 அடிக்கு 4 அடி பலகை ஒன்றைச் சுவரில் மாட்டி, மடிக்கணினியை ஆறேழு அடி தள்ளி மார்பு உயரத்தில் வையுங்கள். நின்றுகொண்டு பாடம் எடுப்பீர்கள், கண் பலகைக்கும் திரைக்கும் மாறி மாறிப் போகும், கழுத்தும் நிமிரும். எழுத்து குறைந்தது இரண்டரை அங்குல உயரம் இருக்கட்டும், ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் போனில்தான் பார்க்கிறார்கள். டியூப்லைட் பலகைக்கு நேர் எதிரே இருந்தால் நடுவில் வெள்ளைத் திட்டாகப் பளபளக்கும். பக்கத்துச் சுவரில் இருந்து சாய்வாக விழ வேண்டும். தூரத்தில் நிற்பதால் மடிக்கணினியின் மைக் அறையின் எதிரொலியைத்தான் பிடிக்கும். சட்டையில் குத்தும் காலர் மைக் அவசியம்.

பலகைக்கு இடம் இல்லையென்றால் நோட்டும் போனும் போதும். போனை ஸ்டாண்டில் மாட்டி, மேசைமேல் 30 முதல் 40 செ.மீ. உயரத்தில் கேமரா கீழே பார்க்கும்படி வையுங்கள், ஏ4 தாள் முழுதாகத் தெரியும். போனையும் தனியாக வகுப்பில் சேர்த்து, அதன் மைக்கையும் ஒலியையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘கீ’ என்று ஊளையிடும். வலக்கையால் எழுதுபவர் விளக்கை இடப்பக்கம் வைக்க வேண்டும், கை நிழல் எழுத்தின் மேல் விழாது. முன் கேமராவில் எழுத்து உங்களுக்குத் தலைமாறித் தெரிந்தால் பதற வேண்டாம். ஜூமிலும் கூகுள் மீட்டிலும் பிள்ளைகளுக்கு அது நேராகத்தான் தெரியும்.

கண்ணைவிட மனசுதான் களைத்துப் போகிறது. கேமராவை எல்லோரும் அணைத்து வைக்கலாமா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பைலன்சன் 2021இல் எழுதிய கட்டுரை இந்தக் களைப்புக்கு நான்கு காரணம் சொல்கிறது. எல்லா முகங்களும் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது, ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது, தலையசைப்பு போன்ற சைகைகளைப் பிடிக்க மூளை கூடுதலாக உழைப்பது.

இவற்றில் உடனே நீக்கக்கூடியது உங்கள் முகம். ஜூமில் உங்கள் கட்டத்தின் மீது மவுஸின் வலப் பொத்தானைச் சொடுக்கி, உங்களை மறைக்கும் தெரிவை எடுத்தால் போதும். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிந்துகொண்டுதான் இருப்பீர்கள். மீட்டில் உங்கள் கட்டத்தைச் சுருக்கி ஓரமாக்கலாம். அடுத்து, 25 முகங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் பார்வையிலிருந்து பேசுபவரை மட்டும் காட்டும் பார்வைக்கு மாறுங்கள்.

எல்லோருடைய கேமராவும் மூடியிருப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கறுப்புக் கட்டங்களிடம் பேசும்போது யாருக்குப் புரிந்தது என்று தெரியாமல் ஆசிரியர் குரலை உயர்த்திக்கொண்டே போவார். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் கேமரா, நடுவில் குரல் மட்டும். பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் நடுப்பகுதியும் உயிரோடு இருக்கும்.

மடிக்கணினியை எந்த உயரத்தில் வைப்பது?

கண்ணிலிருந்து ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 செ.மீ. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றே கீழே. கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி மூடியிருக்கும், கண் மெதுவாகத்தான் காயும். மேசையில் வெறுமனே வைத்தால் மடிக்கணினி மிகத் தாழ்ந்துவிடும். கீழே 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி, தனி கீபோர்டும் மவுஸும் இணையுங்கள். தரையில் சம்மணமிட்டு மடியில் வைப்பதும் கட்டிலில் சாய்ந்துகொண்டு எடுப்பதும் பிடரிக்கு ஆகாது.

இரட்டைப் பார்வைக் கண்ணாடியோ புரோகிரஸிவ் கண்ணாடியோ போட்டவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. படிக்கும் பவர் கண்ணாடியின் அடிப்பகுதியில் இருப்பதால், உயர்த்தி வைத்த திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குவீர்கள், பிடரி பிடித்துக்கொள்ளும். நீங்கள் திரையைத் தாழ்த்த வேண்டும், அல்லது திரைக்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடி போட வேண்டும். படிக்கும் பவர் 40 செ.மீ. தூரத்துக்கு எழுதப்படுவது. 60 செ.மீ.யில் உள்ள திரைக்குப் பொதுவாக அரை முதல் முக்கால் பவர் வரை குறைவாகத் தேவைப்படும். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களின் மாலைத் தலைவலிக்கு இந்தத் தூரப் பொருத்தமின்மை பெரும்பாலும் ஒரு காரணம்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில், படுக்கை வாட்டில், 40 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். எழுத்தின் அளவை அமைப்பில் பெரிதாக்குங்கள். வீட்டில் டிவி இருந்தால் திரையை அதற்கு வைஃபை வழியே அனுப்பி ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காரலாம், கண்ணுக்குப் பெரிய நிம்மதி. படம் ஓரிரு நொடி பிந்தி வரும் என்பதால் ஒலியை மட்டும் போனிலேயே கேளுங்கள். கேபிள் வாங்கும் முன் கடையிலேயே உங்கள் போனை மாட்டிப் பாருங்கள். டைப்-சி துளை இருந்தாலும் பல போன்கள் அதன் வழியே படத்தை வெளியே அனுப்பாது.

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ லைட் கண்ணாடி வாங்கலாமா?

வேண்டாம். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்து, குறுகிய காலத்தில் கண் சோர்வு இதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றது. அந்தப் பணத்துக்கு நல்ல மேசை விளக்கோ தனி கீபோர்டோ வாங்குங்கள்.

திரை வெளிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும்? டார்க் மோடு நல்லதா?

ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குப்போல எரிந்தால் குறையுங்கள், தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு எடுப்பது தவறு. சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மினுங்கிப் பரவும், அவர்கள் வெள்ளைப் பின்னணியிலேயே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளட்டும். விண்டோஸில் அளவை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாதே?

ஃபேன் வேண்டும், காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியை மூன்று நான்கடி தள்ளுங்கள். டேபிள் ஃபேன் என்றால் முதுகுப்பக்கம். ஏசி இருந்தால் காற்றுத் தகட்டை மேல்நோக்கித் திருப்பி 26 டிகிரியில் வையுங்கள். நம் ஊர்க் கோடையின் வறண்ட காற்றில் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும், காற்றில் ஈரத்தையும் சேர்ப்பதால் கண்ணுக்கு ஏசியைவிட இதமானது. ஃபேன் இரைச்சலை மீறிப் பேசத் தொண்டையும் கட்டும். மைக்கை வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ.க்குள் கொண்டு வந்துவிட்டால் சாதாரணக் குரலே போதும்.

மாதாந்திர மின்தடை நாளில் என்ன செய்வது?

பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் மாலை வரைகூட வராது, அறிவிப்பு முன்னாலேயே நாளிதழில் வந்துவிடும். பேட்டரியில் ஓடும் மடிக்கணினி சக்தியை மிச்சம் பிடிக்கத் திரையைத் தானாக மங்கலாக்கும். புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் வெயில் திரையில் விழும். மங்கிய திரையும் வெயிலும் சேர்ந்தால் கண்ணுக்கு அதைவிடக் கேடு இல்லை. அந்த நாளைக் குரல் வகுப்புக்கோ நோட்டுத் திருத்தவோ ஒதுக்குங்கள். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கினால் இணையம் நிற்காது. உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பள்ளி நிர்வாகம் நாளுக்கு ஆறு வகுப்பு கேட்கிறது. விதி ஏதாவது உண்டா?

மத்திய அரசு 2020 ஜூலையில் ஆன்லைன் கல்விக்காக வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்குக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்றது. அது மாணவர் கண்ணுக்கான அளவு. ஐந்து பிரிவுக்குப் போகும் ஆசிரியருக்கு அது காப்பாகாது. நேர அட்டவணை போடும்போதே இரண்டு வகுப்புக்கு நடுவில் 15 நிமிடம் கேளுங்கள். ஒரே பாடத்தை மூன்று பிரிவுக்கு நடத்துவதானால், ஒரு முறை பதிவு செய்து மற்றவற்றில் ஐயம் தீர்க்க மட்டும் வருவதாகச் சொல்லிப் பாருங்கள்.

எந்தச் சொட்டு மருந்து நல்லது? நந்தியாவட்டை, பன்னீர், விளக்கெண்ணெய் விடலாமா?

கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் போன்ற செயற்கைக் கண்ணீரை நாளுக்கு மூன்று நான்கு முறை விடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேளுங்கள். திறந்த புட்டியில் தேதி எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டை நாள்தோறும் விட்டால், நிறுத்தியதும் கண் முன்னைவிடச் சிவக்கும். ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டை மருத்துவர் சொல்லாமல் வாங்கவே கூடாது. எரிச்சல் உடனே அடங்கும், உள்ளே கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடலாம்.

நந்தியாவட்டைப் பூவைக் கழுவி, மூடிய இமைமேல் குளிர்ச்சிக்கு வைப்பதில் தவறில்லை. சாற்றைப் பிழிந்து விடுவதும், பன்னீர், எண்ணெய், தேன் விடுவதும் வேண்டாம், கிருமி சேரும். இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மணிக்கட்டு தாங்கும் சூட்டில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனையுங்கள். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் இலேசாக நீவுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று கூட்டமாகக் கறுப்புப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை மூடுவதுபோல் இருட்டு, விளக்கைச் சுற்றி வானவில் வளையத்தோடு கண்வலியும் வாந்தியும், ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைவு. இவற்றில் எதுவானாலும் அன்றே போங்கள். இவை திரைச் சோர்வு அல்ல. அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையோ அரசு இராசாசி மருத்துவமனையின் கண் பிரிவோ எது அருகிலோ அங்கே. சர்க்கரை உள்ளவர்கள் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணச் சோதனைக்குப் போகும்போது வீட்டில் டேப்பால் அளந்து, கண்ணிலிருந்து திரை எத்தனை செ.மீ. என்று எழுதிக்கொண்டு போங்கள். பழைய கண்ணாடியையும் விடும் சொட்டு மருந்தையும் எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயிலும் கூசும். அன்று மாலை வகுப்பை முந்தின நாளே மாற்றிவையுங்கள், வண்டியை ஓட்டிப் போகாமல் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.